மாதவிலக்கு நின்றதும் மறதி வருவது ஏன்?

பெண்ணின் மூளை செல்களில் நடக்கும் மாற்றங்கள்

டோம்பிவிலியிலோ, முலுண்டிலோ, தாராவியிலோ ஒரு வீடு. காலை 6 மணி. கணவர் 7 மணி ரெயிலைப் பிடிக்க வேண்டும். டிபன் டப்பா தயார். அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

மத்தியானம் ஆபீசில் டப்பாவைத் திறக்கிறார். மேல் தட்டில் சோறு. கீழ்த் தட்டிலும் சோறு. குழம்பைக் காணோம்!

சாயந்திரம் வீட்டில் சண்டை. "உனக்கு என்ன ஆச்சு? நேத்து பாலை அடுப்பில் வைத்து மறந்தாய். முந்தாநாள் சாவியை உள்ளே வைத்துப் பூட்டினாய். புத்தி எங்கே போச்சு?" என்று அவர் கத்துகிறார்.

அந்த அம்மாளுக்கு வயது 47. ஆறு மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. ராத்திரி திடீரென்று உடம்பு தீயாய்க் காய்கிறது. ஜாக்கெட் நனையும் அளவுக்கு வியர்வை. ஜனவரிக் குளிரிலும் பேனை முழு வேகத்தில் வைக்கிறாள். தூக்கம் இல்லை. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது. "எனக்கு மூளை கெட்டுப்போச்சோ?" என்று அவளுக்கே பயம். யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் யோசனை சொல்கிறாள். "பிள்ளைகள் எல்லாம் ஆளாயிட்டாங்க. இனி அது எதுக்கு? கர்ப்பப்பையை எடுத்துப் போட்டா எல்லாம் சரியாயிடும்."

இந்த யோசனை சரிதானா? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆம், மூளைக்குள்தான்! மாதவிலக்கு நிற்பது கர்ப்பப்பை சமாசாரம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பைக்கு இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இரண்டு சினைப்பைகள் உள்ளன. கருமுட்டை அங்கிருந்துதான் வருகிறது. அதோடு "ஈஸ்ட்ரோஜன்" என்ற ஹார்மோனையும் அவை சுரக்கின்றன. பெண் வயதுக்கு வருவதும், மாதாமாதம் விலக்கு வருவதும், எலும்பு உறுதியாக இருப்பதும் இந்த ஈஸ்ட்ரோஜனால்தான்.

நம் நாட்டுப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் சினைப்பை வேலையை நிறுத்திக்கொள்கிறது. அமெரிக்க, ஐரோப்பியப் பெண்களுக்கு 51 வயது ஆகும். அவர்களைவிட நம் பெண்களுக்கு நான்கைந்து வருடம் முன்னதாகவே இந்தக் கட்டம் வந்துவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராவிட்டால்தான் "நின்றுவிட்டது" என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்கு முன்னால் மூன்று, நான்கு வருடம் இழுபறி. ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் ஏறும். மறு மாதம் இறங்கும். மின்சாரம் வந்து வந்து போவது போல. தொல்லை அதிகம் தருவது இந்த இழுபறிக் காலம்தான்.

சினைப்பை ஓய்ந்த பிறகும் ஈஸ்ட்ரோஜன் அடியோடு போய்விடுவதில்லை. உடம்பின் கொழுப்பில் கொஞ்சம் தயாராகிறது. ஆனால் அது வீரியம் குறைந்த வகை. ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆண்களின் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனில் ஒரு சிறு பங்கு அவர்கள் உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 60 வயது தம்பதிகளின் ரத்தத்தைச் சோதித்தால், பெரும்பாலும் மனைவியைவிடக் கணவரிடம்தான் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருக்கும்! குழம்பு மறந்ததற்குச் சண்டை போடுகிற கணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நான்கு டன் பன்றிச் சினைப்பை

ஈஸ்ட்ரோஜன் வகையில் ஒன்றை 1929-ம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்து எடுத்தார்கள். அமெரிக்காவில் டாய்சி, ஜெர்மனியில் பூட்டெனான்ட். இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். எதிலிருந்து தெரியுமா? கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து.

எல்லாவற்றிலும் வீரியமான "எஸ்ட்ராடயால்" என்ற வகையை டாய்சி பின்னர் பன்றியின் சினைப்பையிலிருந்து எடுத்தார். நான்கு டன் சினைப்பையைக் கரைத்து வடித்ததில் கிடைத்தது சில மில்லிகிராம்தான்! இவ்வளவு துளிதான் ஒரு உடம்பையே ஆட்டிவைக்கிறது.

வெகு காலம் வரை இது பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்ட ஹார்மோன் என்றுதான் விஞ்ஞானிகளும் எண்ணினார்கள். பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஹார்மோன் ஒரு சாவி மாதிரி. செல்லில் அதற்கேற்ற பூட்டு இருந்தால்தான் அது வேலை செய்யும். ஈஸ்ட்ரோஜனுக்கான பூட்டு கர்ப்பப்பையிலும் மார்பகத்திலும் இருப்பது தெரிந்ததுதான். மூளையில் தேடியபோது அங்கும் அது இருந்தது! 1996-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இன்னொரு வகைப் பூட்டையும் கண்டுபிடித்தார்கள். அதுவும் மூளையில் பல இடங்களில் இருக்கிறது. ஞாபகத்தைப் பதிய வைக்கும் இடம், திட்டம் போடும் இடம், உடம்பின் சூட்டைக் கவனிக்கும் இடம், தூக்கம், கோபம், அழுகை இவற்றைக் கவனிக்கும் இடங்கள்... எல்லா இடத்திலும் பூட்டு.

சாவி வருவது திடீரென்று குறைந்தால் இத்தனை இடமும் தடுமாறத்தானே செய்யும்?

எலி மூளையில் கண்ட அதிசயம்

நம் மூளையில் காது ஓரமாக, உட்புறத்தில், கடல் குதிரை போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. "ஹிப்போகேம்பஸ்" என்று பெயர். இன்றைக்குக் கேட்டதை நாளைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள உதவுவது இதுதான். சாவியை எங்கே வைத்தோம், ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதெல்லாம் இதன் பொறுப்பு.

அங்கே உள்ள நரம்பு செல் ஒவ்வொன்றும் ஒரு மரம் மாதிரி. கிளைகள் உண்டு. கிளைகளில் கருவேல மரத்து முள் போலப் பொடிப் பொடியாக முட்கள் உண்டு. இந்த முள்ளில்தான் அடுத்த செல் வந்து தொட்டுச் சேதி சொல்கிறது. முள் அதிகமானால் தொடர்பு அதிகம். முள் குறைந்தால் தொடர்பு குறைவு.

நியூயார்க் நகரில் உள்ள ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மக்யூவன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் பெண் எலிகளைச் சோதித்தார்கள். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும். அது ஏறிய நேரத்தில் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது முட்கள் நிறைய இருந்தன. இறங்கியதும் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்து போயிருந்தன. வயது வந்த பிராணியின் மூளை, சில நாளுக்குள் தளிர்ப்பதும் உதிர்வதுமாக இருக்கிறது! 1990-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியானபோது நம்பத் தயங்கியவர்கள் பலர். வளர்ந்த மூளை மாறவே மாறாது என்று பாடம் படித்தவர்கள் அவர்கள்.

சினைப்பையை அகற்றிய எலிகளில் முட்கள் உதிர்ந்தன. ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டதும் இரண்டு மூன்று நாளில் திரும்ப முளைத்தன. பிற்பாடு வயதான பெண் குரங்குகளிடமும் சோதித்தார்கள். யோசிக்கும் வேலையைச் செய்யும் முன்மூளையில் இதே மாதிரி முட்கள் கூடின. அந்தக் குரங்குகள் ஞாபகப் பரீட்சையிலும் நன்றாகத் தேறின.

முள் உதிர்வது வேறு, செல் சாவது வேறு. இதைக் கவனிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துவிடுவதில்லை. மரம் நிற்கிறது. இலை குறைகிறது. அவ்வளவுதான்.

உடம்பு தீயாய்க் காய்வது எதனால்?

மூளையின் அடிப்பாகத்தில் "ஹைபோதலாமஸ்" என்ற சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்வது அதன் பல வேலைகளில் ஒன்று.

அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெண் டாக்டர் நவோமி ரான்ஸ், இறந்துபோன பெண்களின் மூளையை ஆராய்ந்தார். மாதவிலக்கு நின்ற பெண்களிடம், இந்த இடத்தில் ஒரு வகை நரம்பு செல்கள் மட்டும் வீங்கிப் பெரிதாக இருப்பதைக் கண்டார். 1990-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்.

ஏன் வீங்கின? ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது இந்தச் செல்களை அடக்கி வைத்திருந்தது. வாத்தியார் வெளியே போன வகுப்பு மாதிரி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இவை கூச்சல் போட ஆரம்பிக்கின்றன. அந்தக் கூச்சல் பக்கத்தில் இருக்கும் சூட்டுக் கட்டுப்பாட்டு இடத்துக்குக் கேட்கிறது. "உடம்பு கொதிக்கிறது" என்று அது தப்பாக நினைத்துக்கொள்கிறது. உடனே தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சுகிறது, வியர்வையைக் கொட்டுகிறது. முகம் சிவக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. சில நிமிடங்களில் அடங்கி, சில பெண்களுக்குக் குளிர் எடுக்கிறது.

ஆக, ஜனவரியில் பேன் போடுகிற அம்மாள் நடிக்கவில்லை. அவள் மூளைக்கு உண்மையிலேயே சூடு தெரிகிறது.

இந்த ஆராய்ச்சியின் பலன் முப்பது வருடம் கழித்துக் கிடைத்தது. அந்தச் செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனத்தைத் தடுக்கும் "பெசோலினெடன்ட்" என்ற மாத்திரைக்கு 2023-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இது ஹார்மோன் அல்ல. ஆனால் ஈரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து.

ராத்திரி நாலு தடவை வியர்த்து எழுந்தால் தூக்கம் எப்படி வரும்? தூக்கம் கெட்டால் மறுநாள் ஞாபகம் எப்படி நிற்கும்? மறதியில் ஒரு பங்கு இந்தத் தூக்கக் கேட்டினால் வருவது. அதைக் கணக்கில் சேர்க்காமல் முழுப் பழியையும் மூளை செல் மீது போடுவது நியாயமில்லை.

மூளைக்குச் சாப்பாடு

நம் உடம்பின் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் சாப்பிடுவது 20 சதவீதம்! அதன் முக்கிய ஆகாரம் குளுகோஸ். அதைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும், அங்குள்ள "மைட்டோகாண்ட்ரியா" என்ற குட்டி அடுப்புகளில் எரித்துச் சக்தியாக்குவதற்கும் ஈஸ்ட்ரோஜன் துணை செய்கிறது.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளை குளுகோசைப் பயன்படுத்துவது சில இடங்களில் குறைவது ஸ்கேன் படங்களில் தெரிகிறது. நியூயார்க்கில் லிசா மோஸ்கோனி என்ற பெண் விஞ்ஞானியின் குழு, மாதவிலக்கு நிற்பதற்கு முன்பு, நிற்கும் கட்டத்தில், நின்ற பின்பு என்று பல பெண்களின் மூளையைப் படம் எடுத்து 2021-ல் முடிவை வெளியிட்டது. இழுபறிக் காலத்தில் மாற்றம் தெரிகிறது. ஆனால் சில வருடம் போனதும் சில பகுதிகள் பழையபடி தேறி வருகின்றன. மூளை புதிய நிலைமைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது.

அதே குழு 2024-ல் இன்னொரு சேதியைச் சொன்னது. மாதவிலக்கு நின்ற பெண்களின் மூளையில் ஈஸ்ட்ரோஜனுக்கான பூட்டுகள் குறையவில்லை, கூடியிருந்தன! கிடைக்கிற கொஞ்ச ஈஸ்ட்ரோஜனையும் நழுவ விடாமல் பிடித்துக்கொள்ள மூளை கை நீட்டுகிறது போலும். குழாயில் தண்ணீர் நூலாக வரும்போது நம் சாலில் இரண்டு குடத்துக்குப் பதில் நாலு குடம் வைப்பதில்லையா? அது மாதிரி.

ஆனாலும், படம் எடுக்கப்பட்டவர்கள் சில டஜன் பெண்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மறதி நிலைத்துவிடுமா?

அந்த 47 வயது அம்மாளுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான்.

அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து பல இனப் பெண்களை வருடக் கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 2 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். ஒரே மாதிரிப் பரீட்சையைப் பல முறை எழுதினால் மார்க் கூடுவது இயற்கை. மாதவிலக்கு நிற்கும் கட்டத்தில் இருந்த பெண்களுக்கு அப்படிக் கூடவில்லை. முற்றிலும் நின்றபின், மறுபடியும் கூட ஆரம்பித்தது. 2009-ல் வெளியான முடிவு இது.

அதாவது பெரும்பாலான பெண்களுக்கு இந்த மறதி சில வருட விருந்தாளி. குழம்பு ஊற்ற மறப்பதும், பெயர் வராமல் தவிப்பதும் பைத்தியத்துக்கு அறிகுறி அல்ல. முதுமை மறதி நோய்க்கும் அறிகுறி அல்ல.

நோய் வேறு மாதிரி இருக்கும். சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் சாதாரணம். சாவி எதற்கு என்பதே மறந்தால் கவலைப்பட வேண்டும். இருபது வருடம் குடியிருந்த சாலுக்குத் திரும்பி வர வழி தெரியாமல் போவது, சமைத்துப் பழகிய ரசத்தை எப்படி வைப்பது என்று தடுமாறுவது, கேட்டதையே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பது... இவை நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டியவை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பெண்கள் கூடுதல் காலம் வாழ்வது ஒரு காரணம். நம் நாட்டில் அந்தக் காலப் பெண்களுக்குப் படிப்பு மறுக்கப்பட்டதும் ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜன் குறைவதற்கும் இதில் பங்கு உண்டா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

மறதி என்றதும் எல்லாவற்றையும் மாதவிலக்கின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இந்த வயதில் பெண்களுக்குத் தைராய்டு குறைவு அதிகம். ரத்த சோகை, பி-12 வைட்டமின் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவையும் மந்தத்தைக் கொண்டுவரும். இவற்றையெல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனையிலும், கையில் பட்டை கட்டிப் பார்ப்பதிலும் கண்டுபிடித்துவிடலாம். சரிப்படுத்த மருந்தும் உண்டு.

மாத்திரை கொடுத்தால் சரியாகுமா?

"ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் வெளியிலிருந்து கொடுத்தால் போச்சு" என்று யாருக்கும் தோன்றும். அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. 1960-களில், "இதைச் சாப்பிட்டால் என்றும் இளமை" என்கிற அளவுக்குப் பிரசாரம். லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள்.

1975-ல் முதல் அடி விழுந்தது. தனி ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் அதிகம் வருவது தெரிந்தது. அதன்பின் கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1990-களில் அமெரிக்க அரசு மிகப் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கியது. அதில் கூட்டு மாத்திரை சாப்பிட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டி அதிகரித்ததால் 2002-ல் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள்.

மூளை சம்பந்தமான முடிவு அடுத்த வருடம் வந்தது. 65 வயது தாண்டிய 4 ஆயிரத்து 532 பெண்கள். ஒரு பாதிக்குக் கூட்டு மாத்திரை, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. மறதி நோய் தடுக்கப்படும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு! ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு நோய் வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 21 பேருக்குத்தான் வந்தது.

எலிக்கும் குரங்குக்கும் நன்மை செய்த மருந்து, பெண்ணுக்குக் கெடுதல் செய்வானேன்?

காலம் தப்பியதுதான் காரணம் என்பது பல விஞ்ஞானிகளின் அபிப்பிராயம். விலக்கு நின்று பதினைந்து, இருபது வருடம் ஆனபின் கொடுத்தால், செல்கள் அதை ஏற்கும் நிலையில் இருப்பதில்லை. காய்ந்த பயிருக்கு நீர் பாய்ச்சுவது போல. ஆரம்பத்திலேயே கொடுத்தால் என்ன? அதையும் சோதித்தார்கள். விலக்கு நின்று மூன்று வருடத்துக்குள் இருந்த பெண்களுக்கு நான்கு வருடம் கொடுத்துப் பார்த்து 2015-ல் முடிவு சொன்னார்கள். ஞாபக சக்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

எனவே, மறதி நோயைத் தடுப்பதற்காக ஹார்மோன் மாத்திரை கொடுப்பதில்லை. உடம்புக் காய்ச்சலும் வியர்வையும் தாங்க முடியாத பெண்களுக்கு, 60 வயதுக்குள், விலக்கு நின்று பத்து வருடத்துக்குள் என்றால், டாக்டர் பார்த்துக் கொடுக்கலாம். அந்தத் தொல்லைக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை என்பதும் உண்மை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதம் அல்லது ரத்தக் கட்டி வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. தெரிந்தவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்?

இனி பக்கத்து வீட்டு அம்மாளின் யோசனைக்கு வருவோம்.

உடம்பு காய்வதும் மறதியும் கர்ப்பப்பையால் வருவதல்ல. சினைப்பை ஓய்வதால், மூளையில் ஏற்படுவது. கர்ப்பப்பையை எடுத்தால் இது எப்படிச் சரியாகும்? விலக்கு வராது. அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கர்ப்பப்பை ஆபரேஷனின்போது "கூடவே அதையும் எடுத்துவிடலாம்" என்று சினைப்பைகளையும் எடுத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. இயற்கையாக நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் வருடக் கணக்கில் படிப்படியாகக் குறைகிறது. மூளை பழகிக்கொள்ள அவகாசம் உண்டு. ஆபரேஷனில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால், ஒரே நாளில் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி!

கனடாவில் மெகில் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஷெர்வின் 1988-லேயே இதைக் காட்டினார். சினைப்பைகளை எடுத்த பெண்களில் ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்டவர்களின் ஞாபகம் குறையவில்லை. வெறும் ஊசி போடப்பட்டவர்களுக்குக் குறைந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள், 1950 முதல் 1987 வரை சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களைப் பல வருடம் கழித்து விசாரித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கையாக நிற்கும் வயதுக்கு முன்பே எடுக்கப்பட்டவர்களிடம், பிற்காலத்தில் மூளைத் தளர்ச்சியும் மறதி நோயும் அதிகமாக இருந்தன. எவ்வளவு இளம் வயதில் எடுத்தார்களோ, ஆபத்தும் அவ்வளவு கூடுதல். அப்படி எடுத்தபின் 50 வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டு வந்தவர்களிடம் அந்த ஆபத்து கூடியிருக்கவில்லை.

இது நம் வீட்டு வாசலில் உள்ள பிரச்சினை. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 3 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டுவிட்டதாக அரசாங்கத்தின் குடும்ப நல சர்வே சொல்கிறது. ஆந்திரம், தெலங்கானாவில் இது இரண்டு மடங்குக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தது.

மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்துச் சேதியை இங்குள்ள நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரும்பு வெட்டும் வேலைக்குப் புருஷனும் பெண்சாதியுமாக ஜோடியாகப் போகிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் மேஸ்திரி அபராதம் போடுகிறான். விலக்கு நாளில் வேலை கெடுகிறது என்று, இருபதும் முப்பதுமான வயதில் பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். 2019-ல் அரசு அமைத்த கமிட்டியின் விசாரணையில், 80 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் கேட்டதில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அப்படி எடுத்துக்கொண்டவர்கள் என்று தெரியவந்தது. ஆபரேஷனுக்கு வாங்கிய கடனை அடைக்க அவர்கள் மறுபடியும் கரும்பு வெட்டத்தான் போனார்கள்.

புற்றுநோய் இருந்தால், அல்லது குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் வழிவழியாக வந்தால், எடுப்பதுதான் சரி. உயிர் முக்கியம். அடங்காத உதிரப்போக்குக்கும் பெரிய கட்டிக்கும் சில நேரம் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும். ஆனால் கட்டிக்கும் உதிரப்போக்குக்கும் மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. "வெள்ளை படுகிறது, பின்னால் கேன்சர் வரும், எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் பயமுறுத்தினால், கையெழுத்துப் போடும் முன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நிற்க அரைநாள் சம்பளம் போகலாம். போகட்டும்.

கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் கணவர்தான். ஆகவே அவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். "டாக்டர், கர்ப்பப்பையை மட்டும் எடுக்கிறீர்களா, சினைப்பையையும் எடுக்கிறீர்களா? சினைப்பையை எடுப்பதென்றால் ஏன்?"

ஏற்கனவே ஆபரேஷன் ஆனவர்கள், ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுங்கள். அதில் "டி.ஏ.எச்." அல்லது "ஹிஸ்டரெக்டமி" என்று மட்டும் இருந்தால் எடுத்தது கர்ப்பப்பை. "பி.எஸ்.ஓ." என்றோ "ஊஃபரெக்டமி" என்றோ சேர்த்து எழுதியிருந்தால் சினைப்பையும் போயிற்று. அப்படி இருந்து, அந்தப் பெண்ணுக்கு 45 வயது ஆகவில்லை என்றால், அந்தக் காகிதத்தோடு பெண் டாக்டரைப் பார்த்து, ஹார்மோன் தேவையா, எலும்புச் சோதனை தேவையா என்று கேட்க வேண்டும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தவர்களுக்கும் சினைப்பை ஓரிரு வருடம் முந்தியே ஓய்ந்துவிடக்கூடும். விலக்குதான் வராதே, அதனால் அது எப்போது ஓய்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. காரணமில்லாத வியர்வையும் தூக்கமின்மையும் வந்தால் அப்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

காகிதம் தொலைந்துவிட்டதா? ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், ஒரு வயிற்று சோனோகிராபியும் ஒரு ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும்.